இருபத்தேழு புள்ளி நான்கு

இப்போதெல்லாம் ஆட்கள் தங்கள் கால் நடந்ததைக்கூடத் தாங்களே நம்புவதில்லை. எங்கள் தெருவில் அன்புமணி என்று ஒருவர், ரிட்டையரான ஆள். தினமும் விடிந்ததும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஒரு நாள் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். என்ன, நடக்கவில்லையா என்று கேட்டேன். கை வாட்சில் சார்ஜ் இல்லையாம். கணக்கில் ஏறாத நடையை நடந்து என்ன பிரயோஜனம் என்று என்னையே திருப்பிக் கேட்டார். இந்த ஜனங்களுக்கு நடுவில்தான் நான் எழுபத்தொரு வயது வரை இருந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் மணிமேகலை அம்மா அவர்களுக்கு. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொண்டுவரும்படி நேற்று ஸ்டேஷனில் சொன்னீர்கள். மொக்கைச்சாமி ஆகிய நான் படித்தது நாலாவது. முப்பத்தெட்டு வருடம் காய்கறி லாரி ஓட்டியவன். எழுத்து கோணலாக இருக்கும், கணக்கு கோணாது.

போன முகூர்த்தத்தன்று, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் திண்டுக்கல் மண்டபத்தில் தாலி கட்ட வேண்டிய மாப்பிள்ளை முகேஷ்குமாரை நான் கடத்திவிட்டதாக அவருடைய அப்பா புகார் எழுதியிருக்கிறார். அது தப்பு. கடத்துகிறவன் ஆளைக் கூட்டிக்கொண்டு போவான். நான் விட்டுவிட்டுப் போனேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

பெண் ஜீவிதா என் தம்பி மகள். தம்பி இறந்துபோனதால் அப்பா இடத்தில் நான்தான் நின்றேன். மாப்பிள்ளைக்கு ஊர் குஜிலியம்பாறைப் பக்கம். நல்ல சம்பளம், குடி கிடையாது. குறை என்று சொன்னால் அந்தக் கார் ஒன்றுதான். பெட்ரோலிலும் ஓடும், உள்ளே பேட்டரியும் உண்டு. பிரேக் பிடித்தால் பேட்டரி ஏறும். மெதுவாகப் போனால் இன்ஜின் தானாக அணைந்துவிடும், வண்டி மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறேன் என்று அதுவே கண்ணாடித் திரையில் எழுதிக் காட்டும்.

நிச்சயதார்த்தத்தன்று அத்தனை பேர் முன்னால் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தத் திரையைக் காட்டினார்.

"பாத்தீங்களா மாமா, இருபத்தேழு புள்ளி நாலு."

"யாரு சொன்னா?"

"வண்டிதான் சொல்லுது."

"திருடன்ட்டயே கேட்டு கேஸ் எழுதுவீங்களாக்கும். டேங்க ரொப்பி ஓட்டி, மறுபடி ரொப்பிப் பாத்தீங்களா மாப்ள?"

"அதெல்லாம் உங்க லாரி காலம் மாமா. டேங்குக்குள்ள குச்சிய விட்டு எம்புட்டு நனைஞ்சிருக்குன்னு பாத்த காலம். இது கம்ப்யூட்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். சமையல்காரர் சிரித்தார். ஜீவிதாவும் சிரித்தாள். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையை அழைத்து வருவது பெண் வீட்டார் முறை. அவர் காருக்கே பூக்கட்டி வைத்திருந்தார்கள். நான் ஓட்டுகிறேன் என்றேன். யாரும் மறுக்கவில்லை. முன் சீட்டில் பட்டு வேட்டி மாலையோடு மாப்பிள்ளை. பின் சீட்டில் அவருடைய அத்தை சிவனம்மாள். வேட்டியில் பை இல்லாததால் மாப்பிள்ளையின் போன் அத்தையின் கைப்பையில் இருந்தது. எங்களுக்குப் பின்னால் சொந்தக்காரர்களின் வேன். மணி ஆறே முக்கால். மண்டபம் நாற்பது கிலோமீட்டர் சுமார். நேரம் தாராளம்.

குஜிலியம்பாறை பெட்ரோல் பங்கில் நிறுத்தி டேங்கை நிரப்பச் சொன்னேன். குழாய் டக்கென்று தானாக நின்றது. அப்போது வண்டியை ஆட்டினால் உள்ளே இருக்கிற காற்று வெளியேறி இன்னும் கொஞ்சம் பிடிக்கும். லாரிக்காரன் எவனும் ஆட்டாமல் விடமாட்டான். இறங்கிப்போய் இரண்டு ஆட்டு ஆட்டினேன்.

"அண்ணே, உள்ள பொம்பள உக்காந்திருக்கேன், தொட்டில ஆட்டுற மாதிரி ஆட்டுறீக," என்றார் சிவனம்மாள்.

ஆட்டுவதை விட்டுவிட்டேன், மேற்கொண்டு ஊற்றவும் இல்லை. மாப்பிள்ளையே சிரித்துக்கொண்டு பட்டனை அழுத்தித் திரையில் இருந்த எண்ணைச் சுழியாக்கினார். இனி ஓடுகிற தூரத்துக்கு மட்டும்தான் அது கணக்குச் சொல்லும். நானும் டேங்கை வைத்துத் தனியாகக் கணக்குப் பார்ப்பேன். இதில் மாப்பிள்ளைக்கும் சம்மதம் இருந்தது.

முதல் பத்து கிலோமீட்டருக்குப் பத்தொன்பது புள்ளி ஆறு என்று காட்டியது. திரையை ஒரு தடவை பார்த்தேன், மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தேன், அவ்வளவுதான்.

"இன்ஜின் இன்னும் சூடாகல மாமா. காலைல எடுத்ததும் அப்படித்தான் காட்டும். ஏசி வேற ஓடுது."

ஏசியை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினால் காற்று பிடித்து இழுக்கும் என்று அவரே சொன்னதால் அதையும் இறக்கவில்லை. இருபத்தொன்று புள்ளி எட்டு வந்தது. சிவனம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். மூஞ்சியில் போட்ட பவுடர் கழுத்துக்கு வந்துவிட்டது.

"ஏலே முகேசு, நான் என்ன இட்லியா? அவிச்சு எடுக்குறீங்களே ரெண்டு பேரும்."

"செத்த நேரம் பொறுங்க அத்தை, ஏறுது பாருங்க."

இருபத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை. அப்போது மாப்பிள்ளைதான் பாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். நான் எடுக்கவில்லை. பாரம் கூடினால் மைலேஜ் குறையும் என்பது எனக்கும் தெரியும், வாழைத்தார் ஏற்றியவன். எரியோடு என்கிற ஊர் வந்ததும் அவர் அத்தையைத் திரும்பிப் பார்த்து, பின்னால் வேன் வருகிறது, அதில் இடம் இருக்கிறது, அங்கே ஏசியும் உண்டு என்றார். அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி வேனில் ஏறினார். நான் நாற்பதுக்கு மேல் மிதிக்காததால் வேன் எங்களைத் தாண்டி முன்னால் போய்விட்டது.

இரண்டே பேர் ஆனதும் இருபத்து நாலரை. மாப்பிள்ளைக்கு முகம் தெளிந்தது. மெதுவாக மிதியுங்கள், தூரத்திலேயே பிரேக்கைத் தொடுங்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தார். இருபத்து நாலு புள்ளி எட்டில் எண் மறுபடி நின்றுவிட்டது.

"கம்பெனியில டிரைவர் ஒருத்தர மட்டும் வச்சுத்தான் ஓட்டிப் பாப்பாங்க போல மாமா. நான் வேற தொண்ணூத்தி நாலு கிலோ."

"அப்ப என்ன பண்ணலாங்கறீங்க?" என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் யோசித்தார்.

"நிறுத்துங்க. அரைக் கிலோமீட்டர் தனியாப் போயிட்டுத் திரும்பி வாங்க. ஏறலேன்னா வண்டிய வித்துர்றேன்."

அது வீடு வாசல் இல்லாத பொட்டல். ஒரு பனைமரம் நின்றது. அதன் பக்கத்தில் மாலையோடு இறங்கி நின்றார். மணி எட்டு.

அரைக் கிலோமீட்டரில் இருபத்தைந்து புள்ளி ஒன்று. சொன்னபடி நான் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் நிறுத்தித் திருப்பி மறுபடி எடுத்தால் இன்ஜின் உறுமி எண் இறங்கிவிடும். திரும்பினால் எதிர்க்காற்று வேறு. இவ்வளவு தூரம் ஏற்றியதை நானே இறக்கினால் அது மாப்பிள்ளைக்குச் செய்கிற துரோகம் என்று பட்டது. நேராகப் போனேன். கண்ணாடியில் பின்னால் எதுவும் தெரியவில்லை.

மண்டபத்து வாசலுக்கு எட்டு ஐம்பதுக்கு வந்தேன். பூக்கட்டிய வண்டியைப் பார்த்ததும் மேளக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். என் தம்பி சம்சாரம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். இன்ஜின் அணைந்து வண்டி பேட்டரியில் வழுக்கிக்கொண்டு போன நேரம் அது. அந்த நேரத்தில் பிரேக்கை மிதிக்க மனம் வருமா. தம்பி சம்சாரம் தட்டைச் சுற்றிக்கொண்டே வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தாள். கண்ணாடியை இறக்கி, "இந்தா வாரேன்" என்றேன். உடனே ஏற்றிவிட்டேன்.

செம்பட்டியில் இருபத்தாறு புள்ளி ஏழு. வத்தலக்குண்டு பங்குக்குள் நுழையும்போது இருபத்தேழு புள்ளி நான்கு. அதே எண். எழுபத்தெட்டு புள்ளி ஆறு கிலோமீட்டர் ஓடியிருந்தது. பங்கில் வேலை பார்க்கிற பெண், சட்டையில் சண்முகவள்ளி என்று எழுதியிருந்தது, வண்டியைச் சுற்றி வந்து பார்த்தது.

"ஐயா, கல்யாண வண்டி மாதிரி இருக்கு. மாப்ள எங்க?"

"வழியில நிக்கிறாரு."

"பொண்ணு?"

"மண்டபத்துல."

"அப்ப நீங்க எங்க போறீக?"

"இங்கதான் வந்தேன். டேங்க ரொப்பு தாயி."

மூன்று லிட்டரும் ஐம்பது மில்லியும் பிடித்தது. வகுத்துப் பார்த்தால் இருபத்தைந்தே முக்கால். வண்டி சொன்னதற்கும் நான் அளந்ததற்கும் ஒரு டம்ளர் பெட்ரோல் வித்தியாசம். அப்போது மணி பத்தே கால். பொய் பொய்தான், டம்ளரில் இருந்தால் என்ன, குடத்தில் இருந்தால் என்ன.

மற்றது நான் கேள்விப்பட்டது. பனைமரத்தடியில் நின்ற மாப்பிள்ளையிடம் பைக்கில் வந்த இரண்டு பேரும் ஒரு மினிபஸ்காரரும் நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். "மாமா இப்ப வந்துருவாரு" என்று அனுப்பிவிட்டாராம். நம்பிக்கையான பையன். பத்து மணிக்குத்தான் ஆடு ஏற்றி வந்த லோடு ஆட்டோவில் ஏறியிருக்கிறார். மண்டபத்துக்கு வரும்போது மணி பதினொன்று. ஐயர் அப்போதே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அதெல்லாம் பெரிதில்லை, வேறு நாள் பார்த்திருக்கலாம். ஆனால் ஜீவிதா கேட்டிருக்கிறாள்.

"வழியில என்ன ஆச்சு?"

"மைலேஜ் பாக்க எறங்குனேன்."

"யாரு எறங்கச் சொன்னா? பெரியப்பாவா?"

"இல்ல. நானாத்தான் எறங்குனேன்."

அவள் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கூட இருந்த பெண்களைப் பார்த்து, "வாங்கடி, சோறு ஆறுது" என்று பந்திக்குப் போய்விட்டாளாம். அதற்கப்புறம் யார் பேசியும் அவள் மசியவில்லை. ஆகையால் கல்யாணத்தை நிறுத்தியது நான் இல்லை. மாப்பிள்ளை உண்மையைச் சொன்னார், பெண் முடிவெடுத்தாள்.

இதுவரை எழுதியதில் இரண்டு இடத்தைத் திருத்த வேண்டும். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினேன். தெரிந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி நத்தை மாதிரிதான் ஊர்ந்தது. பொட்டலில் வெள்ளை வேட்டி எவ்வளவு தூரத்துக்கும் தெரியும். கையைத் தூக்கிக் காட்டினார். கூப்பிடுகிறவர் கை மாதிரி இல்லை, ஏறுகிறதா என்று கேட்கிறவர் கை மாதிரி இருந்தது. ஏறுகிறது என்று நானும் கையைக் காட்டிவிட்டுப் போனேன்.

இரண்டாவது, டேங்க். நேற்று நீங்கள் வரவழைத்த கம்பெனி ஆள் ரொனால்டு பொறுமையாகத்தான் விளக்கினார். இன்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பதை எண்ணித்தான் திரை கணக்குச் சொல்கிறது என்றார். டேங்கை வைத்து அளக்கிறவன் இரண்டு தடவையும் ஒரே மாதிரி நிரப்ப வேண்டும், அதையும் ஐந்தாறு தடவை பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். பிறகு என்னிடம், "இரண்டு பங்கிலும் குழாய் தானாக நின்றதோடு விட்டீர்களா ஐயா?" என்று கேட்டார். அதற்குப் பதிலை இங்கேதான் எழுதுகிறேன்.

வத்தலக்குண்டில் குழாய் தானாக நின்றது இரண்டு லிட்டர் எண்ணூற்று எழுபது மில்லியில். நின்ற இடத்திலேயே மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். இருபத்தேழு புள்ளி நான்கு வந்தது. இன்னொரு தடவை வகுத்தேன். அதேதான் வந்தது. சண்முகவள்ளி மூடியைப் போடப் போனது. இரு தாயி என்று சொல்லிவிட்டு வண்டியை ஆட்டினேன். ஊற்றச் சொன்னேன். மறுபடி ஆட்டினேன். கதவைப் பிடித்து, பூவெல்லாம் உதிர ஆட்டினேன். மூன்று லிட்டர் ஐம்பது மில்லி வந்ததும்தான் கை வலித்தது. தானாக நிற்கிற குழாயை மட்டும் எதை வைத்து நம்புவது?

நேற்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது ஸ்டேஷன் வாசலில் அந்த வண்டி நின்றது. மாப்பிள்ளை அதில் சாய்ந்து நின்றார். மூன்று நாள் தாடி. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மாமா, நெசத்தச் சொல்லுங்க. எம்புட்டு வந்துச்சு?"

"ஒரு தடவ பாத்ததுல என்ன தெரியும் மாப்ள," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.