நாரைக்குக் கட்டிய சிவப்பு நாடா

இந்தப் பிற்பகல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, இவள் என்ன பேசித் தொலைக்கப் போகிறாளோ என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் எங்கள் பணிக்கூடத் தலைவர் மேவிஸ் கார்டர் அம்மையார் அவர்களே! எத்தனையோ ராக்கெட்டுகளை எழுப்பிவிட்டு, இன்று தாங்கள் எழுந்திருக்க முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் பெரியவர்களே! ஏவும் நேரம் நெருங்கினால் அடுப்பை அணைத்துவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடிவரும் தாய்மார்களே! ஆற்றோரம் வீட்டைக் கட்டி ஆகாயத்தில் கண்ணைக் கட்டி வைத்திருக்கும் டைட்டஸ்வில் பெருமக்களே! முன்வரிசை ஓரத்தில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கும் ஹார்லன் பிக்கெட் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த டெலோரஸின் அன்பு கலந்த வணக்கம்.

என்ன அங்கே? பீன்ஸும் சோள ரொட்டியும் எப்போதா? ஐயா, ராக்கெட் கிளம்பிய பிறகுதான் நம் ஊரில் பீன்ஸ். இன்று எலுமிச்சைச் சாறு மட்டும்தான். பொறுமையாகக் குடியுங்கள்.

நிலவின் தென்முனையில் பனி தேட நாம் செய்த இறங்குகலம், நம் செல்ல நாரை, நான்கு ஆண்டுகளாகப் பெட்டிக்குள் உறங்குகிறது. வரும் திங்கட்கிழமை காலை அதைத் திறக்கிறோம். திறக்கச் சொல்லிக் கையெழுத்திட்டவர் புதிய ஜனாதிபதி. மூடச் சொல்லிக் கையெழுத்திட்டவர் பழைய ஜனாதிபதி. ஒருவர் நிலவு என்பார், அடுத்தவர் செவ்வாய் என்பார், மூன்றாமவர் பூமியே போதும் என்பார். நாம் என்ன செய்வோம்? தைத்ததைப் பிரிப்போம், பிரித்ததை மீண்டும் தைப்போம். தேர்தலுக்கும் விண்வெளிக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இந்த ஊரில் யாராவது கேட்பீர்களா?

பறக்கும் கலத்தின் மூடிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு நாடா தொங்கும். 'பறக்கும் முன் அகற்று' என்று அதில் எழுதியிருக்கும். பறக்காமலே ஒரு திட்டம் செத்துப்போனால், அந்த நாடாவை நாம் வீட்டுக்கு எடுத்துப் போவோம். அது நம் வழக்கம். யார் வீட்டில் எத்தனை நாடா என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஹார்லன் வீட்டுச் சமையலறைச் சுவரில் நான்கு. நான்கு ஜனாதிபதிகள், நான்கு நாடாக்கள்.

இனி நான் சொல்வது எனக்குப் பெருமை தருவதல்ல. ஆனாலும் சொல்கிறேன்.

ஹார்லனும் நானும் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து கலங்களுக்குச் சூடும் குளிரும் தாக்காத வெப்பப் போர்வை தைத்தவர்கள். நாலரை ஆண்டுக்கு முன்பு வந்த தேர்தலில் அவர் வாசலில் ஒரு பலகை, என் வாசலில் எதிர்ப் பலகை. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஹார்லன் சொன்னார்: "ஏம்மா, உன் ஆளு வந்தா நம்ம நாரைய பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவான், பாத்துக்க." எனக்குச் சுருக்கென்றது. எல்லோர் காதிலும் விழ நான் கத்தினேன்: "உங்க வீட்டுச் சுவத்துல நாலு தொங்குதே, பத்தாதா? அஞ்சாவதும் கேக்குதா?"

அவர் கையிலிருந்த ரொட்டியைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த நான்கு நாடாவையும் மாட்டியது அவருடைய மனைவி என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மா இறந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை என்பதும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். மன்னிப்பும் கேட்கவில்லை.

தேர்தல் வந்தது. வென்றவர் யார்? ஹார்லனின் ஆள். பிப்ரவரியில் நாரையை நிறுத்தியவர் யார்? அதே ஹார்லனின் ஆள்! சிரிக்காதீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை. பேப்பரை வாசித்துவிட்டு ஹார்லன் நின்ற நிலையைப் பார்த்தால் நீங்களும் சிரித்திருக்க மாட்டீர்கள்.

கலத்தைப் பெட்டியில் மூட ஆறு நாள் கொடுத்தார்கள். போர்வையில் பாதி தைக்காமல் கிடந்தது. 'அப்படியே மூடிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்' என்றார்கள் சிலர். ஹார்லன் போய்ச் செய்முறைத் தாளைக் கையில் எடுத்து என் எதிரே நின்றார்.

நம் வேலை முறை உங்களுக்குத் தெரியும். ஒருவர் படிக்க வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், படித்தவர் பார்த்துத் தன் எண் போட்ட முத்திரையைக் குத்த வேண்டும். தனியாக ஒரு தையல்கூடப் போட முடியாது. ஆக, மூன்று மாதமாகப் பேசாத இரண்டு பேர் காலையிலிருந்து மாலைவரை பேசிக்கொண்டே இருந்தோம்!

"படி நாப்பது. ஓரத்தை மடி."

"ஓரத்தை மடிக்கிறேன்."

"படி நாப்பத்தொண்ணு. ஊசியைக் கோர்."

"ஊசியைக் கோர்க்கிறேன்."

இதுதான் எங்கள் பேச்சு. நாலாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். என் வலது மணிக்கட்டு வீங்கும், இழுத்துத் தைத்தால் வலிக்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இழுத்துத் தைக்கும் இடம் வரும்போதெல்லாம் ஹார்லன் கண்ணாடியைத் துடைத்தார், தாளைத் திருப்பிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். என் கைக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார், அம்மா! என்னோடு பேசாத மனிதர்! அன்று முகமூடிக்குள் நான் அழுதேன். கலம் இருக்கும், தூசுகூட விழக் கூடாத தூய அறையில் கண்ணீர் சிந்தக் கூடாது என்பதால் அழுகையையும் விதிப்படிதான் அழ வேண்டியிருந்தது.

ஆறாம் நாள், கடைசிப் படி. "எஞ்சின் மூடியில் சிவப்பு நாடாவைக் கட்டு." திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாடா கையில் இருக்கிறது. இது ஐந்தாவது. என் வாயால் நான் வரவழைத்த ஐந்தாவது என்றே தோன்றியது. "ஹார்லன், என்னால முடியலை. நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோயிருங்க" என்றேன்.

ஹார்லன் தாளைக் கீழே வைத்தார். செய்முறையில் இல்லாத ஒரு பேச்சைப் பேசினார்: "கட்டு டெலோரஸ். வீட்டுக்கு வேண்டாம். கட்டி வெச்சாத்தான் ஒருத்தன் வந்து அவுப்பான்."

"மன்னிச்சிருங்க ஹார்லன்."

"அதெல்லாம் அப்பவே ஆச்சு. கட்டும்மா, மணியாச்சு."

கட்டினேன். அவர் முத்திரை குத்தினார்.

கடந்த நவம்பரில் மறுபடியும் தேர்தல். இந்த முறை புத்தி வந்து, ஹார்லனும் நானும் உட்கார்ந்து யோசித்து, ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டோம். அவர் தோற்றார்! நாங்கள் இருவரும் வேண்டாம் என்று சொன்னவர்தான் நாரையை வெளியே எடுக்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் அரசியல் ஞானம் அவ்வளவுதான், பெருமக்களே!

அதற்காக ஓட்டு எதற்கு என்று கேட்பேனா? கேட்க மாட்டேன். போடுங்கள், வரிசையில் நின்று போடுங்கள். ஒரு கையெழுத்தில் நம் கலம் உறங்கியது, ஒரு கையெழுத்தில் விழித்தது. ஆனால் திறக்கச் சொன்னவருக்குத் திறக்க ஒன்று இருந்ததே, அது எப்படி? பாதிப் போர்வையோடு மூடியிருந்தால் ஈரம் ஏறி இந்நேரம் துருப்பிடித்துப் போயிருக்காதா? அந்த ஆறு நாளில் முழுதாகத் தைத்தோமே, யாருக்காகத் தைத்தோம்? பெயர் தெரியாத, முகம் தெரியாத, நாங்கள் ஓட்டே போடாத ஒருவருக்காகத் தைத்தோம்! வெள்ளை மாளிகையில் யார் வேண்டுமானாலும் வரட்டும், போகட்டும். வருகிறவர் கையை நீட்டும்போது, இந்தா என்று கொடுக்க நம் மேசைமேல் முடித்த வேலை இருக்க வேண்டும். கேட்கிறதா டைட்டஸ்வில்? முடித்த வேலை!

கைதட்டியது போதும். நான் வந்த காரியம் வேறு.

இரண்டு ஆண்டுக்கு முன்பு ஹார்லனுக்குக் கை நடுக்கம் வந்தது. ஓய்வு கொடுத்தார்கள். நூற்றுப் பதினேழாம் எண் முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். முத்திரை இல்லாதவர் தூய அறைக்குள் நுழையக் கூடாது. தலைவர் அம்மையார் அவர்களே, இதற்காக மூன்று முறை உங்கள் அறைக்கு வந்தேன், மூன்று முறையும் விதி விதிதான் என்றீர்கள். அதனால்தான் ஊரையே கூட்டி வைத்துக் கேட்கிறேன். கோபப்படாதீர்கள். அவிழ்ப்பது நான். எனக்குக் கை இருக்கிறது. படிக்கிறவருக்கு வேண்டியது கண்ணும் குரலும்தானே? அவருக்குக் கை நடுங்கினால் என்ன, கண் நடுங்குகிறதா? ஒருவர் கட்டச் சொன்னார், நான் கட்டினேன். அவிழ்க்கவும் அவரே சொல்லட்டும் அம்மா. வேறு யார் படித்தாலும் என் விரல் நகராது.

எழுந்து நிற்காதீர்கள், எல்லோரும் உட்காருங்கள். அம்மையார் ஏதோ சொல்கிறார்.

"திங்கக்கிழமை ஏழு மணிக்குக் கண் பரிசோதனைக்கு வரச் சொல்லு. தேறினா ஒரு நாளைக்கு முத்திரை தரேன். தேறலைன்னா என்னைத் திட்டக் கூடாது."

கேட்டீர்களா? கேட்டீர்களா! ஹார்லன், கூரையைப் பார்த்தது போதும். கண்ணைத் துடையுங்கள், பரிசோதனைக்கு அந்தக் கண் வேண்டும்.

மனமிரங்கிய தலைவருக்கும், என் தொணதொணப்பைப் பொறுத்துக்கொண்ட பெரியவர்களுக்கும், வெயிலில் வந்த தாய்மார்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த...

என்ன ஹார்லன்? ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள். நடுங்கினால் பரவாயில்லை, கொடுங்கள்.

"படி ஒண்ணு. நாடாவை அவிழ்."

பெருமக்களே, விதிப்படி திருப்பிச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கக் கூடாது. நாடாவை அவிழ்க்கிறேன், ஹார்லன். அனைவருக்கும் நன்றி, வணக்கம்.