களத்துல கேட்டுச்சுங்க

இல்லீங்க அம்மணி, சார்ஜர் நல்லாத்தான் இருக்குது. பேட்டரியும் நிக்குது. ப்ளூடூத்துதானுங்க கோளாறு. இதுல பாட்டுப் போட்டாலும் சரி, பேச்சுப் போட்டாலும் சரி, சத்தம் இதுக்குள்ளாற வர மாட்டேங்குது. வேற எடத்துல போயி வருது. அதத்தான் நீங்க பாத்துச் சொல்லோணும்.

பேருங்களா? கருப்பண்ணன்னு போட்டுக்குங்க. தலைச்சோலைக்கு அக்கட்ட ஒரு காப்பி எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டரா இருக்கறனுங்க. லேப்டாப்பு எஸ்டேட்டோடது. போன் நம்பரு சொல்றேன், எழுதிக்குங்க. ஆனா கூப்புட்டீங்கன்னா நான் பேசறது உங்களுக்குக் கேக்கும், நீங்க பேசறது எனக்குக் கேக்காது. செவ்வாக்கெழம மழைல நனஞ்சு சத்தம் போயிருச்சு. இல்லீங்க, போன் கெடக்கட்டும், அத அப்பறம் பாக்கலாம். மொதல்ல இது.

இன்னொண்ணு, இப்பவே சொல்லிப்போடறேன். பாத்து முடிச்சதும் ஒரு சீட்டு எழுதிக் குடுக்கோணும். இந்த லேப்டாப்புல கோளாறு இருக்குது, தானாவே சத்தத்த வெளிய அனுப்பிருச்சு, ஆள் மேல தப்பில்லைன்னு. கீழ கடை சீல் வெச்சுக் குடுங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம லீவு. திங்கக்கெழம காலைல பெரட்டு. பெரட்டுன்னா ஒண்ணுமில்லீங்க, ஆளுக எல்லாத்தயும் காப்பி காயப் போடற களத்துல வரிசையா நிக்க வெச்சு, பேர் படிச்சு, வேல பிரிச்சு உடறது. அம்பது பேரு இருப்பாங்க. அவங்க முன்னால நாந்தான் நின்னு படிக்கோணும். கையில ஒரு சீட்டாவது இருந்தா நிப்பன். இல்லீன்னா எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறதுன்னு தெரியலீங்க.

சரிங்க, சரிங்க. பாக்காம எழுத மாட்டீங்க. நாயந்தான். பாருங்க.

ஆமாங்க, அந்த ப்ளூடூத்து லிஸ்டுதான். மொதல்ல இருக்கறது மவுஸு. ரெண்டாவது என்ற போனு. மூணாவதா இங்கிலீசும் நம்பருமாக் கெடக்குது பாருங்க, அதுதான் பெட்டி. ஸ்பீக்கர் பெட்டிங்க. களத்துச் செவுத்துல ஸ்டேண்டு அடிச்சு மேல ஒக்கார வெச்சிருக்குது.

அது எதுக்குங்களா? மொதலாளி பெங்களூர்ல இருக்கறாருங்க. வருசத்துல ரெண்டு தடவ வந்தா சாஸ்தி. அதனால போன வருசத்துலருந்து, மாசாமாசம் மொத சனிக்கெழம, பெரட்டு நேரத்துல வீடியோவுல பேசறாரு. லேப்டாப்ப ஒரு மேசை மேல வெச்சு, பெட்டியோட சேத்து உட்டுருவன். அவரு மொகம் இத்தனூண்டுதான் தெரியும், கொரலு களம் பூராவும் கேக்கும். எல்லாரும் கையக் கட்டிட்டு வரிசையா நின்னு கேப்பாங்க. முடிஞ்சதும், சரிங்க மொதலாளின்னு ஒண்ணாச் சொல்லுவாங்க. அது நான் பழக்கி உட்டதுங்க. பெட்டில மொதலாளி கொரலு கேட்டா, கையில என்ன வேல இருந்தாலும் கீழ போட்டுட்டு வந்து நின்னுரோணும். மொத மாசம் நாலஞ்சு பேரத்தான் சத்தம் போட்டன். அப்பறம் யாருக்கும் சொல்ல வேண்டியதே இல்ல.

இன்னைக்கு மொத சனிக்கெழமங்க.

காலைல பேசுனாரு, முடிஞ்சுது. நான் லேப்டாப்பத் தூக்கிட்டு ஆபீசுக்குள்ள வந்துட்டன். பெட்டிய அணைக்கல.

தூரமா? களத்துக்கும் ஆபீசுக்கும் நடுவால ஒரு செவுருதானுங்க. பன்னெண்டடி இருக்கும். அந்தத் தூரத்துக்கெல்லாம் அது உட்டுப் போகாதுங்களா? எனக்குத் தெரியாதுங்க. மேசைய விட்டு எடுத்துட்டா, ஒயரப் புடுங்குன மாதிரி, அதோட சரின்னு நெனச்சுட்டு இருந்தன்.

என்ன பண்றீங்க? டெஸ்ட்டுக்குச் சத்தம் போட்டுப் பாக்கறீங்களா? பாருங்க. ஐயோ, அது வேண்டாங்க! அந்த மெசேஜ அமுக்காதீங்க! உங்க கடைப் பெட்டியும் பக்கத்துலயே இருக்குது, அதுல போயி வந்துருச்சுன்னா? ரோட்டுல பஸ்ஸுக்கு எங்க எஸ்டேட் ஆளுகளே நிக்கறாங்க. ஏதாவது பாட்டுப் போடுங்க. ஆமா, அது போதும்.

இதுலயேதான் வருது. பாருங்களே, இங்க வந்ததும் ஒழுங்காப் பாடுது.

சொல்றேன் கேளுங்க. பதினோரு மணிக்கு மொதலாளிகிட்டருந்து வாட்சப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. போன்லதான் சத்தம் இல்லையே, இதுல தொறந்து அமுக்குனன். கோடு நகருது, சத்தம் இல்ல. பக்கத்து ரூம்புல பல்ப்பர் ஓடிட்டு இருந்துச்சு. காப்பிப் பழத்துத் தோல் எடுக்கற மிசினுங்க. அது ஓடுனா ஆளுக்கு ஆள் பேசறதே கேக்காது. அந்த எரைச்சல்லதான் கேக்கலயாட்ட இருக்குதுன்னு வால்யூம நூத்துக்கு ஏத்துனன். மறுக்கா அமுக்குனன். குனிஞ்சு காத ஒட்ட வெச்சுக் கேட்டன். ஒண்ணும் இல்ல.

ம்யூட்டு பாத்தனுங்க. ஸ்பீக்கர் படத்துல குறுக்குக் கோடு இல்ல. அதும் பக்கத்துல சின்ன அம்பு ஒண்ணு இருக்குதா? அத அமுக்குனா எந்தப் பெட்டிக்குச் சத்தம் போகுதுன்னு காட்டுமா? அத நான் பாக்கலீங்க. அப்பிடி ஒண்ணு இருக்கறதே இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது.

அடுத்தாப்பல என்ன பண்ணுவோம்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். அதத்தான் பண்ணுனன். அது ஆன் ஆகற வரைக்கும் சும்மா ஜன்னல்ல பாத்தா, ஆளுக எல்லாம் களத்துல வரிசையா நிக்கறாங்க. காப்பி கிண்டிட்டு இருந்தவங்க, பொறுக்கிட்டு இருந்தவங்க, எல்லாரும். கையக் கட்டிட்டு, பெட்டியப் பாத்துட்டு. பதினோரு மணிக்கு இதென்ன கூத்துன்னு எனக்குப் புரியல. டீ வந்திருக்குமாட்டன்னு நெனச்சுட்டன். செத்த நேரத்துல கலைய ஆரம்பிச்சாங்க. இங்க லேப்டாப்பு ஆன் ஆச்சு. மூணாவது தடவ அமுக்குனன். மறுபடி எல்லாரும் வந்து நிக்கறாங்க. நாலாவது தடவயும் அமுக்குனனுங்க.

சிரிங்க அம்மணி, பரவால்ல. வாய மூடிட்டுச் சிரிக்க வேண்டாம். எங்க எஸ்டேட்டுல கனகான்னு ஒரு பொண்ணு, வாய்க்காரி. மத்தியானம் நான் வெளிய வந்ததும் கேக்கறா, ஏனுங்க ரைட்டரே, இன்னைக்கு ஒரே நாள்ல அஞ்சு பெரட்டு ஆயிருச்சே, அஞ்சு நாளுக்குப் பேரு எழுதுவீங்களான்னு. எல்லாருஞ் சிரிச்சாங்க. சிரிச்சப்ப எனக்கு ஒண்ணும் ஆகலீங்க. சிரிப்பு நின்னதுக்கப்பறம் ஒருத்தருமே என்ற மொகத்தப் பாக்கல. என்ற ஊட்டுக்காரி ராஜேஸ்வரியும் அங்க காப்பி பொறுக்கறவதான். அவளும் வரிசைல நின்னிருக்கறா. சோத்துப் போசியக் கொண்டாந்து மேசைல வெச்ச கையோட களத்துக்குத் திரும்பிப் போயிட்டா. சாப்புடலீங்க. அப்பிடியே பஸ் ஏறிட்டன். பஸ்லயும் எங்க ஆளுக ரெண்டு பேரு. எடம் இருந்துச்சு, நான் டிரைவர் பக்கத்துல போயி நின்னுட்டே வந்தன்.

லிஸ்டுலருந்து அந்தப் பெட்டிய எடுத்துரட்டுமான்னா கேக்கறீங்க? இருங்க, இருங்க. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. அது தானாப் போயித்தான ஒட்டிக்கிச்சு? நான் சேக்கல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனப்பவும் அதேதான் போயிச் சேந்துருக்குது. அப்ப அது மிசின் தப்புதானுங்களே? அதத்தான் எழுதச் சொல்றேன்.

ஒரு தடவ சேத்து வெச்சா எல்லா லேப்டாப்பும் அப்பிடித்தான் பண்ணுமா. இது கோளாறுல சேத்தியில்லீங்கறீங்க.

வேற ஏதாவது இருக்குதான்னு பாருங்களேன். மத்தியானம் நான் அந்த ஏரோப்ளேன் படத்த அமுக்குனதுல மவுசும் செத்து, வாட்சப்பும் நின்னு போச்சு. அது கோளாறு இல்லீங்களா? அதுவும் இல்ல. சரி.

மெசேஜுல என்ன இருந்துச்சா? அது எஸ்டேட் விசயங்க. உங்களுக்கு எதுக்கு.

நீங்க கேக்கறதும் சரிதான். அதுல பாட்டு வந்திருந்தா நான் எதுக்குச் சீட்டுக் கேட்டு வந்து நிக்கறேன்.

ஒரு ஆள நிறுத்தச் சொல்லியிருந்தாருங்க. கண்ணாயின்னு, களத்து ஆளு. காப்பியக் காயப் போடறது, கிண்டறது, பொழுதோட கூட்டிக் குமிக்கறது, பூராவும் அதும் பொறுப்பு. திங்கக்கெழமயிலருந்து அதுக்கு வேல வேண்டாம், லைன் ஊட்டயும் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிரு, அப்பிடின்னு. அர நிமிசங்கூட இருக்காது மெசேஜு.

இல்லீங்க, எஸ்டேட்டு குடுத்த அந்த லைன் ஊட்ட உட்டா அதுக்குப் போக எடம் கெடயாது. புருசன் இல்ல. மக கீழ சேலத்துல கட்டிக் குடுத்த எடத்துல இருக்குது.

மொதலாளி சொன்னாரு, நான் என்ன பண்றதுன்னு நானும் சொல்லீருவனுங்க. ஆனா அவரு ஆரம்பிக்கறதே, நீ சொன்னது சரிதான் கருப்பண்ணான்னு ஆரம்பிக்கறாரு. நீ சொல்ற மாதிரி அந்தம்மாளுக்குக் காது மந்தம்னா எப்பிடிக் களத்துல வெச்சுக்கறது, மழ வருது தார்ப்பாய் போடுன்னு நீ அத்தன கத்தியும் கேக்கலீங்கற, நாளைக்கும் இதே ஆகும், அப்பிடிங்கறாரு. நாலு தடவ. நூத்துல வால்யூம வெச்சு.

ஆமாங்க, அதே செவ்வாக்கெழம மழதான். நாலு நாளாக் காஞ்ச காப்பி நனஞ்சு நாறிப் போச்சு. நான் ஓடிப் போயி அள்ளறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. போனும் அப்ப நனஞ்சதுதான். பொழுதோட மொதலாளி இந்த லேப்டாப்புல கூப்புட்டு, யாரால ஆச்சுன்னு கேட்டாரு. ஒரு பேரச் சொல்லியாகோணும். சொன்னன்.

களத்துல கேக்குதுன்னு எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னா கேக்கறீங்க? நாலாவது தடவக்கி அப்பறம். அஞ்சாவதா அமுக்கறதுக்குக் கை வெச்சேன், பல்ப்பர் நின்னுச்சு, யாரோ கதவத் தட்டுனாங்க. திரும்புனா வாசப்படில நிக்கறாங்க. ஏனுங்க ரைட்டரே, நீங்க அதுல போடறது களத்துப் பெட்டில வருதுங்க, நாலு வாட்டி வந்துருச்சு, பெட்டி ஸ்விட்ச நானே அணைச்சுட்டு வந்தனுங்க, இப்பப் போடுங்க, உங்களுக்கே கேக்கும்னாங்க. நீங்க இத்தன நேரம் தேடிச் சொன்னத ஒரு நிமிசத்துல சொல்லிப்போட்டாங்க.

நானும் புத்தி இல்லாம, அப்பிடியான்னு, அவங்க நிக்கறப்பவே அமுக்கிட்டனுங்க. கேட்டுச்சு. கணீர்னு கேட்டுச்சு. எத அமுக்குனா நிக்கும்னு கை தெரியாமத் தடவறதுக்குள்ள முழுசும் ஓடி முடிஞ்சுது. முடியற வரைக்கும் நின்னாங்க. அப்பறம், வரனுங்கன்னு சொல்லிட்டுக் களத்துக்குப் போயிட்டாங்க. காப்பி கிண்டோணுமில்ல.

யாரா? கண்ணாயிதானுங்க. வேற யாரு.

சீட்டு எழுதிட்டீங்களா? குடுங்க. கண்ணாடி இல்லாட்டியும் படிப்பன், உங்க எழுத்து நல்லாத்தான் இருக்குது. லேப்டாப் நல்ல நிலையில் உள்ளது. கோளாறு எதுவும் இல்லை. சீலும் வெச்சுட்டீங்க.

நீங்க எழுதுனதுல தப்பில்லீங்க. இல்லீங்க அம்மணி, கோவமெல்லாம் இல்ல. பெட்டிய லிஸ்டுலருந்து எடுக்க வேண்டாம், இருக்கட்டும். லேப்டாப்ப இந்தப் பைக்குள்ளயே வெச்சுருங்க, அஞ்சு மணி பஸ்ஸப் புடிக்கோணும்.

காதுங்களா? அது என்னயக் காட்டியும் அவங்களுக்கு நல்லாக் கேக்கும். செவ்வாக்கெழம எங்கயோ தொலைவுல மொத இடி இடிச்சப்பவே ஓடி வந்து, ரைட்டரே, தார்ப்பாய் இழுத்துப் போட்டரட்டுங்களான்னு கேட்டாங்க. நாந்தானுங்க, போன்ல மழ இல்லீன்னு காட்டுது, நீ போயி வேலயப் பாருன்னேன்.