நில்லுன்னு சொல்லாத கை

நான்: ஒரு மலையே வந்து இந்தக் கை மேல படுத்துத் தூங்கிச்சு. விளக்கணைச்சதிலேருந்து விடியற வரைக்கும். நான் ஒரு இம்மிகூட அசையல.

வீட்டம்மா: எழுதிக்காதீங்கம்மா. நேத்து எதிர்வீட்டுக்காரர்கிட்ட, பள்ளத்துல இறங்கின லாரியத் தூக்கி விட்டேன்னு சொன்னார். அதுக்கு முந்தி பால்காரர்கிட்ட காளை மாடு.

நான்: லாரியத் தூக்கினது இடது கை.

வீட்டம்மா: பார்த்தீங்களா?

பிசியோ: சார், மலை இருக்கட்டும். கைய இப்படி மேசை மேல வைங்க. ம்... இப்ப மணிக்கட்ட மேல தூக்குங்க.

நான்: தூக்கிட்டேன்.

பிசியோ: இல்லையே சார். தொங்குது.

நான்: மனசுல தூக்கிட்டேன். கைக்குத் தகவல் போய்ச் சேரல.

வீட்டம்மா: மூணு வாரமா இப்படித்தாம்மா. ஒருநாள் காலையில எந்திரிக்கறப்பவே, தண்ணி ஊத்தாத செடி மாதிரி தொங்கிப்போச்சு. விரல மடக்கறார், நீட்ட முடியல. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டு விடறேன்.

நான்: அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

வீட்டம்மா: சும்மா இருங்க.

பிசியோ: டாக்டர் என்ன சொன்னார்?

வீட்டம்மா: நரம்பு நசுங்கியிருக்கு, பயிற்சி வேணும்னு உங்ககிட்ட அனுப்பினார். எப்படி நசுங்கிச்சுன்னு கேட்டார். இவர் லாரிக் கதைய ஆரம்பிச்சார். அவர் அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டார்.

பிசியோ: சார் என்ன வேலை பார்த்தீங்க?

நான்: டிராஃபிக் போலீஸ். நாலு ரோட்டு முக்குல முப்பது வருஷம். இந்தக் கைய ஒரு தரம் காட்டினா மந்திரி கார் நிக்கும், தண்ணி லாரி நிக்கும், மழை நிக்கும். ஒரு தடவை...

வீட்டம்மா: ரயில் நின்னுச்சாம். அந்த ரோட்டுல தண்டவாளமே கிடையாது.

நான்: அதனாலதான் நின்னுச்சு.

பிசியோ: சிரிக்க வைக்காதீங்க சார், என் கை ஆடுது. சரி, வண்டிய நிறுத்தற மாதிரி காட்டுங்க பார்ப்போம்.

நான்: அதான் வயித்தெரிச்சல். நில்லுன்னு காட்டினா, கை தொங்கிப்போய் வான்னு கூப்பிடுது. முந்தாநாள் கடைத்தெருவுல ரோட்டைத் தாண்டக் கையத் தூக்கினேன். மூணு டாக்சி வந்து நின்னுச்சு. ஒருத்தன் கதவையே திறந்துட்டான்.

வீட்டம்மா: ஒரு டாக்சி. அதுவும் வேற யாரோ கூப்பிட்டது.

பிசியோ: கண்ண மூடுங்க சார். பஞ்சால தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்க.

நான்: தெரியுது. நல்லாத் தெரியுது. நல்ல ஜாதிப் பஞ்சு. விலை கூட சொல்லட்டுமா?

பிசியோ: இன்னும் தொடவே இல்ல சார்.

வீட்டம்மா: இந்த மனுஷனோட நாப்பது வருஷம்மா.

பிசியோ: இப்ப?

நான்: இல்ல.

பிசியோ: இங்க? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல?

நான்: இல்லம்மா. அந்த இடம் வேற யாரோட கையோ மாதிரி இருக்கு.

வீட்டம்மா: திரும்ப வந்துடுமாம்மா? நிஜத்தச் சொல்லுங்க. இவருக்காக இனிக்க இனிக்கச் சொல்ல வேணாம்.

பிசியோ: வரும்மா. நரம்பு அறுந்து போகல, அமுங்கித்தான் இருக்கு. செடிக்குத் தண்ணி போற குழாய் மேல யாராவது கால வெச்சா தண்ணி நின்னுடுமில்ல, அந்த மாதிரி. காலெடுத்தாச்சு. தண்ணி வர கொஞ்ச நாளாகும். இதோ, முழங்கைக்குக் கீழ இந்தத் தசை லேசாத் துடிக்குது. போன வாரம் பார்த்த டாக்டர் இது துடிக்கலைன்னு எழுதியிருக்கார்.

நான்: கேட்டியா? துடிக்குதாம்.

வீட்டம்மா: கேட்டேன், கேட்டேன். கால வெச்சதுன்னா... எங்க வெச்சதும்மா?

பிசியோ: இதோ, மேல்கையோட பின்பக்கம். இந்த நரம்பு எலும்பச் சுத்திக்கிட்டு இறங்குது. அந்த இடத்துல அதுக்கு மேல பெரிசா சதை கிடையாது. ரொம்ப நேரம் எதாவது அழுத்தினா அவ்வளவுதான்.

நான்: மலை.

பிசியோ: லாரி, மாடெல்லாம் இல்லம்மா. எங்ககிட்ட இது வர்றது பெரும்பாலும் ரெண்டு வழியிலதான். ஒண்ணு, நல்லாக் குடிச்சுட்டு நாற்காலி முதுகுல கையப் போட்டுக்கிட்டே தூங்கிடறவங்க.

வீட்டம்மா: இவர் அதத் தொடமாட்டார்.

நான்: தொட்டிருந்தா ஊரே தாங்கியிருக்காது.

வீட்டம்மா: ரெண்டாவது?

பிசியோ: ரெண்டாவது வந்து...

நான்: தொண்டை வறளுது. கொஞ்சம் வெந்நீர் வாங்கிட்டு வாயேன்.

வீட்டம்மா: பாட்டில்ல தண்ணி இருக்கே.

நான்: அது பச்சத்தண்ணி. கீழ கேன்டீன்ல வெந்நீர் தருவாங்க.

வீட்டம்மா: என்னிக்கு வெந்நீர் குடிச்சீங்க நீங்க? ... சரி, சரி, மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க. போறேன்.

பிசியோ: சார், வெந்நீர் இதோ இங்கயே வருது, அந்தக் குழாயத் திருப்பினா.

நான்: தெரியும். பார்த்துட்டுத்தான் கீழ அனுப்பினேன். அவளுக்கு மூட்டுவலி, படி இறங்கி ஏற நேரமாகும். அதுக்குள்ள அந்த ரெண்டாவது வழியச் சொல்லுங்க.

பிசியோ: புதுசா கல்யாணமானவங்களுக்கு வரும் சார். மனைவி, கணவரோட கையத் தலையணையா வெச்சுத் தூங்கிடுவாங்க. காலையில பார்த்தா கை விழுந்திருக்கும். எங்க புத்தகத்துல அதுக்குத் தேனிலவு வாதம்னே ஒரு பேர்.

நான்: தேனிலவா?

பிசியோ: ஆமா சார்.

நான்: எனக்கு அறுபத்தெட்டு நடக்குதும்மா. அந்தப் பேரக் கொஞ்சம் லெட்டர்ல எழுதித் தர முடியுமா? கண்ணாடி போட்டு மாட்டணும்.

பிசியோ: அப்ப அந்த மலைங்கறது...

நான்: மெதுவாப் பேசுங்க. மலைக்குக் காது கூர்மை.

பிசியோ: இதுல மறைக்க என்ன சார் இருக்கு? இவ்வளவு கதை எதுக்கு?

நான்: இருக்கும்மா. போன மழைக்காலத்துல அவளோட அக்கா போயிட்டாங்க. ரெண்டு பேரும் தினம் போன்ல ஒரு மணி நேரம் சண்டை போடுவாங்க, அவ்வளவு பாசம். அதோட இவ தூக்கம் போச்சு. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு காஸ் மூடியிருக்கா, கதவு பூட்டியிருக்கான்னு பார்ப்பா. பூட்டின பூட்டையே மறுபடி பூட்டுவா. டாக்டர் தூக்க மாத்திரை குடுத்தார், தொடல.

பிசியோ: ம்.

நான்: அன்னிக்கு அக்காவப் பத்தியே பேசிக்கிட்டிருந்தா. கொஞ்சம் அழுதா. இந்தக் கை மேல தலைய வெச்சா. கொஞ்ச நேரத்துல... குறட்டை.

பிசியோ: அப்பாடா.

நான்: குறட்டைன்னா நீங்க நினைக்கற மாதிரி இல்ல. ஜன்னல் கம்பி அதிர்ந்துது. மாடியில குடியிருக்கறவர் எந்திரிச்சு விளக்குப் போட்டார். இத்தனை வருஷத்துல அப்படி ஒரு குறட்டைய நான் கேட்டதில்ல. அவ்வளவு மாசத்துத் தூக்கமும் மொத்தமா வந்து இறங்கிடுச்சுன்னு நினைச்சேன். எப்படிம்மா எழுப்புவேன்?

பிசியோ: எழுப்ப வேணாம் சார். கைய மட்டும் மெல்ல உருவியிருக்கலாமே.

நான்: உருவினா முழிச்சுப்பா.

பிசியோ: சரி, இப்பதான் சொல்லிடுங்களேன்.

நான்: அய்யோ, வேணாம். தன்னாலதான்னு தெரிஞ்சா அவ என் கிட்டயே வரமாட்டா. இப்பவே, கைல இடிச்சிடுவேன்னு சொல்லிக் கூடத்து சோபாவுல போய்ப் படுத்துக்கறா. அங்க தூங்கறாளா? இல்ல. சோபா ஸ்பிரிங் முனகறதக் கேட்டுக்கிட்டு நான் இங்க கிடக்கறேன். கை வர்றப்ப வரட்டும்மா. எனக்கு அவ பக்கத்துல வந்து படுக்கணும், தூங்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. மருந்துச் சீட்டுல எழுதினாகூடப் போதும், ராத்திரி ஒருவேளைன்னு.

பிசியோ: எனக்குப் பொய் சொல்ல வராது சார்.

நான்: நான் கத்துத் தர்றேன். முதல்ல நாமளே நம்பிடணும்... ஸ், வந்துட்டா.

வீட்டம்மா: இந்தாங்க வெந்நீர். குடிங்க.

நான்: சுடுதே.

வீட்டம்மா: வெந்நீர் வேற எப்படி இருக்கும்?

பிசியோ: அம்மா... வந்து... சார் தனியாப் படுக்கக் கூடாதும்மா.

வீட்டம்மா: ஏன்?

பிசியோ: ராத்திரி... கை உடம்புக்கு அடியில போயிடலாம். பக்கத்துல ஆள் இருந்தா நல்லது.

வீட்டம்மா: அதுக்குப் பட்டை கட்டிக்கச் சொல்லியிருக்காங்களே. நான் நடுவுல நடுவுல வந்து பார்த்துக்கறேன்.

பிசியோ: இல்லம்மா, பட்டை இருந்தாலும்... அதாவது, வலது பக்கம் வேணாம், இடது பக்கமா நீங்க...

வீட்டம்மா: வலது பக்கம் ஏன் வேணாம்?

பிசியோ: சார், நீங்களே சொல்லுங்க.

நான்: சீலிங் ஃபேன் காத்து இடது பக்கம்தான் நல்லா வருது. நரம்புக்குக் காத்து நல்லதாம்.

வீட்டம்மா: அந்த ரெண்டாவது வழி என்னம்மா?

நான்: அதெல்லாம் நமக்கு எதுக்கு? அது வெளிநாட்டு வியாதி.

வீட்டம்மா: என் தலைதானே?

நான்: வெந்நீர் ஆறுது பாரு.

வீட்டம்மா: சொல்லுங்கம்மா. அன்னிக்கு நான் தலைய வெச்சுப் படுத்தேனே, அதானே?

பிசியோ: ... ஆமாம்மா. ஆனா உங்க தப்புன்னு ஒண்ணும்...

நான்: சின்னத் தலைம்மா இவளுக்கு. அந்தத் தலைக்கு இந்தக் கை விழாது. சொன்னேனே, அதுக்கு முந்தின நாள் அந்தக் காளை...

வீட்டம்மா: போதும்.

நான்: சரி. ... சரி, காளை இல்ல.

வீட்டம்மா: இதுக்குத்தான் வெந்நீரா?

நான்: ஆமா.

வீட்டம்மா: கையே போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

நான்: இன்னொண்ணு இருக்கே. இந்தா பாரு, நீ தூங்கினே. எத்தனையோ மாசம் கழிச்சுத் தூங்கினே. அதுக்கு ஒரு கை மூணு வாரம் லீவு போட்டா என்ன? நான் சர்வீஸ்ல ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல.

வீட்டம்மா: அம்மை போட்டு ஒரு மாசம் படுத்திருந்தீங்க.

நான்: அது மெடிக்கல். இங்க பாரு, இடது பக்கம் வந்து படு. கை மேல வேணாம், தலையணை மேலயே படு. சோபாவ வித்துடலாம். வருவியா?

வீட்டம்மா: ஊர்ல இருக்கறவங்க முன்னாடியா இதையெல்லாம் கேக்கறது?

பிசியோ: நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்மா.

வீட்டம்மா: ... வர்றேன். கொஞ்சம் பேசாம இருங்க. கை மரத்துப்போகுதுன்னா உடனே சொல்லணும். சொல்லுவீங்களா?

நான்: மைக் வெச்சுச் சொல்றேன்.

பிசியோ: நல்லதாப் போச்சு. பயிற்சி நாளைக்கு ஆரம்பிக்கலாம். ஆனா சார், ஒண்ணு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு ஒரு இம்மி அசையலைன்னீங்களே, அது நடக்காது. கொஞ்ச நேரத்துலயே கை முழுக்க ஊசி குத்தும், அப்புறம் நெருப்பாட்டம் எரியும். முழிச்சிருக்கறவன் கை தானா இழுத்துக்கும். நீங்களும் அசந்து தூங்கியிருப்பீங்க, அதான் கை விழுந்திருக்கு.

நான்: தூங்கலம்மா. சத்தியமாத் தூங்கல.

பிசியோ: ரயில் நின்ன மாதிரிதானே?

நான்: ரயில் வேணும்னா விட்டுடறேன். இது நிஜம்.

பிசியோ: நீங்க சொல்லுங்கம்மா. இவர் சொன்ன எதையும் நீங்க நம்பல. இத மட்டும் நம்பறீங்களா?

நான்: அவளக் கேட்டு என்ன பிரயோஜனம்? அவதான் தூங்கிட்டாளே.

வீட்டம்மா: நடந்ததும்மா, இவர் அசையவே இல்ல. ஒரு கொசு வந்து மூக்கு மேல உக்காந்துது. இன்னொரு கையத் தூக்கினா கட்டில் ஆடும்னு, வாயாலயே ஊதி ஊதி விரட்டினார். அப்பப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டார். நடுவுல இருட்டுல தனியாச் சிரிச்சுக்கிட்டார், நான் தூங்கிட்டேன்னு. அந்தச் சிரிப்ப ஓரக்கண்ணால பார்த்துட்டு, முழிச்சுத்தான் இருக்கேன்னு சொல்ல எனக்கு மனசு வரல. கை இப்படி ஆகும்னு எனக்குத் தெரியுமா? விடியற வரைக்கும் விடாம குறட்டை விட்டேன்... இவருக்குக் கை விழுந்துது, எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு.