தூராஜி என்ற பேர்

கான்: மறுபடியும் பாரும் ஓய். கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரும்.

பதிவாளர்: மூணு தடவை பார்த்துட்டேன் கான். 'தூராஜி'ங்கற குடும்பப் பேரை இந்த ஊர்ல ஒருத்தர் எட்டு நாள் முன்னாடியே பதிஞ்சுட்டார்.

கான்: தூராஜ் கான் எங்க வம்சத்தை இந்த மண்ணுல ஊன்றினவர். அவர் பேரை எவனோ தூக்கிட்டுப் போக, இதென்ன சந்தைல கிடக்கிற முலாம்பழமா?

பதிவாளர்: சட்டம் அப்படி. ஒரு ஊர்ல ஒரு பேரை யார் முதல்ல பதியறாரோ, அது அவருக்கு. இன்னொருத்தர் வேணும்னா அவர் சம்மதிக்கணும். அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவுன்னு எழுதணும்.

கான்: தெஹ்ரான்ல உட்கார்ந்துக்கிட்டு எவனோ போட்ட சட்டம்.

பதிவாளர்: எல்லாரும் ஒரு குடும்பப் பேரைப் பதியணும்னு ஆறு மாசமா தண்டோரா போட்டோம். நீங்கதான் வரலை.

கான்: இந்த ஃபத்ஹுல்லா கானைப் பார்த்து 'உன் பேரு என்ன'ன்னு கேக்க இவன் யாருன்னு இருந்தேன். எனக்குப் பட்டம் இருந்துச்சு ஓய். ஷா கையால...

பதிவாளர்: பட்டமெல்லாம் ரத்து.

கான்: தெரியும், தெரியும்... யதுல்லா, கதவைச் சாத்து. வெளியே காது நிறைய நிக்குது.

யதுல்லா: சாத்திட்டேன் கான்.

பதிவாளர்: இவர்... இவர் உங்க கூடவா வந்திருக்கார்?

கான்: என் காரியக்காரன். நாப்பது வருஷமா வீட்டோட கிடக்கான். இவன் முன்னாடி எதையும் பேசலாம். இந்த டீயை யார் போட்டது?

பதிவாளர்: நான்தான்.

கான்: யதுல்லா, குடிச்சுப் பாரு.

யதுல்லா: ...நல்லாத்தான் இருக்கு கான்.

கான்: கொஞ்ச நேரம் ஆகட்டும். இவன் நிக்கறானா பார்ப்போம்.

பதிவாளர்: கான், இது அரசாங்க அலுவலகம்.

கான்: அதனாலதான். சரி, சொல்லும். யார் அந்தத் திருடன்?

பதிவாளர்: அதைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்லை. முதல்ல நீங்க அந்த வம்சம்னு காட்டுங்க.

கான்: நானா காட்டணும்? ...வியாழக்கிழமை என் மக மாஹ்ருக்குக்கு நிக்காஹ். கெர்மான்ல இருந்து வராங்க, பட்டாளத்து அதிகாரி வீடு. தூராஜ் கான் வம்சம்னுதான் பொண்ணு கேட்டாங்க. அடையாளப் புத்தகத்துல வேற பேரைப் பார்த்தா, குதிரையைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க.

பதிவாளர்: அப்ப காட்டிடுங்க.

கான்: இந்தாரும், எங்க வீட்டுக் குர்ஆன். முன்னாடி வெற்றுத் தாள்ல பாரும். பிறந்தவங்களை எல்லாம் அப்பா கைப்பட எழுதியிருக்கார். இதோ நான். வெட்டுக்கிளி வந்த வருஷம்.

பதிவாளர்: ம்... இந்த ரெண்டு தாளும் ஒட்டிக்கிட்டு இருக்கே?

கான்: மாதுளம் சாறு கொட்டிருச்சு. எப்பவோ. பிரிக்காதீர், கிழியும்.

பதிவாளர்: கறையே காணோமே.

கான்: நீர் பதிவாளரா, போலீஸா?

பதிவாளர்: சரி, விடுங்க. ஏழு தலைமுறை சொல்லுங்க. முதல்ல பதிஞ்சவர் சொன்னார்.

கான்: நான் ஃபத்ஹுல்லா. அப்பா இஸ்கந்தர் கான். இந்த ஊருக்கு நிலத்தடிக் கால்வாய் வெட்டித் தண்ணி கொண்டுவந்தவர். தாத்தா ரெஸாகுலி கான். கோட்டைச் சண்டைல ஒரு கண்ணைக் கொடுத்தவர். அவர் அப்பா... அவர் அப்பா வந்து...

யதுல்லா: மொராத் கான்.

கான்: மொராத் கான். தெரியும்டா. ஆளுநர் வீட்டு விருந்துல சாப்பிட்டுட்டு, விடியறதுக்குள்ள செத்துப்போனவர்.

யதுல்லா: அது அல்லாயார் கான். மொராத் கான் குதிரைல இருந்து விழுந்தவர்.

கான்: விழுந்தவர். அந்தக் குதிரைக்கும் எவனோ என்னமோ கொடுத்திருக்கான். எங்க வம்சத்துல யாரும் சும்மா சாகலை ஓய்.

பதிவாளர்: அல்லாயாருக்கு அப்பா?

யதுல்லா: நஜஃப் கான். அவருக்கு அப்பா தூராஜ் கான்.

பதிவாளர்: உங்க காரியக்காரர் தண்ணி மாதிரி சொல்றார்.

கான்: அப்பா காலத்துல வம்சப் பட்டியலைப் படி எடுத்தவன் இவன். கையெழுத்து அழகு. இந்தச் சட்டம் வந்தப்ப என் ஆளுங்களுக்கெல்லாம் நானே பேரு வெச்சேன். சமையல்காரனுக்குப் 'பானைவயிறன்'. இவனுக்கு மட்டும் கௌரவமா 'வஃபாதார்', நன்றியுள்ளவன். பதிஞ்சுட்டியாடா?

யதுல்லா: இன்னும்... வேலை இருந்துச்சு கான்.

பதிவாளர்: அன்னிக்கு வந்தவரும் இப்படித்தான். ஏழு தலைமுறையும் ஒரு இடத்துல நிக்காம சொன்னார்.

கான்: அப்ப மனூசெஹ்ர் இல்லை. என் சித்தப்பா மகன். அவனுக்குச் சொந்தத் தாத்தா பேரே சந்தேகம். எங்க மச்சான் கராமத்தா? குள்ளமா, எச்சில் தெறிக்கப் பேசுவான்?

பதிவாளர்: இல்லை. அமைதியான மனுஷன். உட்காரச் சொன்னேன், உட்காரலை.

கான்: உட்காரலையா? பழக்கம் இல்லாதவன்... அப்பன் பேரு என்ன சொன்னான்?

பதிவாளர்: இஸ்கந்தர் கான்.

கான்: எந்த இஸ்கந்தர் கான்?

பதிவாளர்: கால்வாய் வெட்டினவர்.

கான்: பொய். எங்க அப்பாவுக்கு நான் ஒரே மகன். அந்தப் புளுகன் ஆத்தா பேரைச் சொல்லும், பார்ப்போம்.

பதிவாளர்: குல்நார்.

கான்: டீ ஆறிருச்சு. வேற போட்டுக் கொண்டுவாரும்.

பதிவாளர்: இப்பவா?

கான்: இப்பத்தான். நிதானமாப் போட்டு எடுத்துட்டு வாரும்.

பதிவாளர்: ...சரி. வரேன்.

கான்: கதவைச் சாத்து.

யதுல்லா: சாத்தியாச்சு.

கான்: நம்ம வீட்ல ரொட்டி சுட்டவ பேரு குல்நார்.

யதுல்லா: ஆமா கான். எங்க அம்மா.

கான்: யார் தூண்டிவிட்டா? மனூசெஹ்ரா? என்ன தரேன்னான், திராட்சைத் தோட்டமா?

யதுல்லா: யாரும் இல்லை.

கான்: நாப்பது வருஷம் என் டீயைக் குடிச்சுப் பார்த்தவன் நீ. உன்னைச் சந்தேகப்படணும்னு ஒருநாளும் தோணலையே எனக்கு.

யதுல்லா: நீங்க பேரு வெச்ச அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வெளியே வந்தேன்... உங்க வேட்டை நாய் வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வந்துச்சு. அதுக்கும் அதே பேரு, கான். வஃபாதார்.

கான்: ...நான் நினைச்சுச் செய்யலை.

யதுல்லா: தெரியும். அதுதான் வலிச்சுது.

கான்: அது நல்ல நாய்டா.

யதுல்லா: ரொம்ப நல்ல நாய்.

கான்: உனக்கு யார் சொன்னா? குல்நாரா?

யதுல்லா: சாகறப்ப. உங்க அம்மாவைக் கட்டறதுக்கு முன்னாடி, இஸ்கந்தர் கான் எங்க அம்மாவை ஒரு வருஷம்னு காலம் குறிச்சு நிக்காஹ் பண்ணிக்கிட்டாராம். முல்லா ஓதின நிக்காஹ். காகிதம்கூட இருந்துச்சாம், அடுப்புல விழுந்துருச்சு.

கான்: தானா விழுந்துச்சா?

யதுல்லா: உங்க அம்மா கைல இருந்து விழுந்துச்சு. உங்களுக்கு எப்ப இருந்து தெரியும் கான்?

கான்: எனக்கு என்ன தெரியும்? இப்பத்தானே கேக்கறேன்.

யதுல்லா: சரி கான்.

கான்: அப்படிப் பார்க்காதே.

யதுல்லா: பார்க்கலை. நீங்க கவலைப்படாதீங்க. மாஹ்ருக் நான் தோள்ல தூக்கி வளர்த்த பொண்ணு, அவ கல்யாணம் நிக்கக் கூடாது. பதிவாளர் வந்ததும் பதிவேட்ல என் வரியை அடிச்சுடச் சொல்றேன். எட்டு நாள் அந்தப் பேரு எனக்கு இருந்துச்சு. காலைல எழுந்ததும் மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்குவேன். அது போதும்.

கான்: நீ எதுக்கு என்கிட்ட முதல்லயே...

பதிவாளர்: டீ வந்துருச்சு. மன்னிக்கணும், கதவு மெலிசு. எல்லாம் காதுல விழுந்துச்சு.

கான்: விழும்னு தெரியும்.

பதிவாளர்: யதுல்லா, உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன். இஸ்கந்தர் கான் மகன்னு ஆதாரம் காட்டலைன்னா பதிவு ரத்து ஆயிடும். இருக்கா?

யதுல்லா: இல்லை. அடிச்சுடுங்க.

பதிவாளர்: அப்ப பேரு கானுக்கு. ஒரே ஒரு சத்தியம்தான் பாக்கி. இஸ்கந்தர் கானுக்கு உங்களைத் தவிர வேற மகன் இல்லைன்னு, குர்ஆன் மேல கை வெச்சு.

கான்: இந்தக் குர்ஆன் மேலயா?

பதிவாளர்: நீங்க கொண்டு வந்ததுதானே. கை வைங்க கான்.

கான்: அந்த டீயை இப்படி வையும்.

யதுல்லா: இருங்க கான், நான் ஒரு வாய் முதல்ல...

கான்: வேண்டாம். நானே குடிக்கிறேன்.

பதிவாளர்: கான், சத்தியம்...

கான்: சம்மதம் வாங்கினா உறவு என்னன்னு எழுதணும்னு சொன்னீரே. அந்த இடம் எது?

பதிவாளர்: இதோ. 'முதலில் பதிந்தவர் எனக்கு என்ன உறவு.'

கான்: அண்ணன்னு எழுதும்.

யதுல்லா: கான்...

பதிவாளர்: எழுதலாம். ஆனா ஆதாரம் வேணுமே.

கான்: துணியை வெந்நீர்ல நனைச்சு, அந்த ஒட்டின தாளை மெதுவாப் பிரியும். பெரிய பனி விழுந்த வருஷம்னு போட்டு, அப்பா கையெழுத்துல இவர் பேரு இருக்கும். எனக்கு மூணு வருஷம் மூத்தவர். மாதுளம் சாறு இல்லை ஓய், மாவுப் பசை. அப்பா கண்ணை மூடின மறுநாள் நான்தான் ஒட்டினேன். குல்நார்கிட்டதான் மாவு வாங்கினேன். எதுக்குன்னு அவ கேக்கவே இல்லை.