பதினேழாவது முறை

இந்த அறையில் காற்று நன்றாக வருகிறது. எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஜன்னலைத் திறக்கவே விடமாட்டார்கள்; தூசி பட்டால் வெள்ளை அணுக்களை எண்ணும் மெஷினுக்கு ஆகாதாம். அதோடுதான் இத்தனை வருடம் குப்பை கொட்டினேன்.

அது புதிதாக வந்தபோது துல்லியத்தைச் சோதித்தது நான்தான். ஒரே ரத்தத்தைப் பத்து முறை ஓட்ட வேண்டும். பத்தும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் நம்பலாம். சாதாரண ரத்தத்தில் பிசகவில்லை. அணுக்கள் குறைந்த ரத்தத்தில் தடுமாறியது: ஏழு முறை ஆயிரத்தை ஒட்டி நின்றது, மூன்று முறை மூவாயிரத்தைத் தாண்டியது. தலைமை டாக்டரிடம் காட்டினேன். அவர் அந்த மூன்றையும் பேனாவால் அடித்தார்.

"கம்மியா இருந்தா கொஞ்சம் முன்னபின்ன வரத்தான்மா செய்யும். இதப் போய்ப் பெரிசு பண்ணாத" என்று கையெழுத்துப் போட்டார்.

நாலு மாதம் கழித்து என் தங்கைக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை அணு மூவாயிரத்துக்கு மேல் இருந்தால்தான் அடுத்த தவணை. இல்லாவிட்டால் சின்னக் கிருமிகூட ஆளைத் தூக்கிவிடும். மெஷின் மூவாயிரத்து நூறு என்றது. ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டதும், அன்று சோதித்ததில் மிச்சமிருந்த ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து என் கண்ணால் எண்ணினேன். தொள்ளாயிரம்கூட இல்லை. ஆறாம் நாள் போய்விட்டாள்.

துக்கம் விசாரிக்க வந்த தலைமை டாக்டர், மெஷின்மேல் தப்பில்லை, அவள் உடம்பு வாகு அப்படி என்றார். நான் காபி கொடுத்தேன்.

இரண்டு வருடத்தில் அதே வியாதி அவருக்கு வந்தது. சோதனைக்கு ரத்தம் வந்த குழாயில் அவர் பெயரைப் பார்த்ததும் மனசு லேசாயிற்று. முதல் முறை எண்ணூறு. அடுத்து எழுநூற்று ஐம்பது. அவசரப்படவில்லை, ஓட்டிக்கொண்டே இருந்தேன். பதினேழாவது முறை மூவாயிரத்து இருநூறு வந்தது. மற்ற பதினாறையும் அழித்துவிட்டு அதை அனுப்பினேன். நானாக எந்த எண்ணையும் கற்பனை செய்யவில்லை.

ரிசல்ட் வாங்க அவருடைய மகள் வந்தாள்.

"அக்கா, அப்பாவுக்கு நாளைக்கு மருந்து ஏத்தலாம்ல?"

"தாராளமா ஏத்தலாம்மா. நல்லா வந்திருக்கு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்.

ஐந்தாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். வாயில் குழாய் செருகியிருந்ததால் அவரால் பேச முடியவில்லை. காதருகே குனிந்து பதினாறு எண்களையும் வரிசையாகச் சொன்னேன். எண்ணூறு, எழுநூற்று ஐம்பது என்று நிதானமாக. பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது, கண்ணில் தெரிந்தது. இருந்தாலும் மீதியையும் சொல்லி முடித்தேன். எட்டாம் நாள் இறந்தார். ஆமாம், நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

தங்கையின் ரத்தத்தை அன்று மெஷினில் வைத்தது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். மூவாயிரத்து நூறு என்று பார்த்த சந்தோஷத்தில் இரண்டாவது முறை ஓட்டவில்லை.

அது வேறு விஷயம்.