இஞ்சின் பழகட்டும்

ரமணி: போதும்ல? நிப்பாட்டிடலாமா?

புவனேஸ்வரன்: எங்க போதும்... முன்னாலதான் ஓடியிருக்கு. இனிமே பின்னால ஓடணும்.

ரமணி: பின்னால எவ்ளோ நேரம்?

புவனேஸ்வரன்: அதே அரை மணி. புது இஞ்சின் லா. உள்ள பல்லுச்சக்கரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பழகணும். பின்னால பெட்டி ஒண்ணும் மாட்டாம, மெதுவா... ரெண்டு பக்கமும் ஓட்டணும். அப்பறம்தான் ஒங்க கையில குடுப்பேன்.

ரமணி: போன ஞாயித்துக்கெழமையும் இதையேதான் சொன்னீங்க.

புவனேஸ்வரன்: போன வாரம் கரண்டு போயிருச்சு.

ரமணி: அதுக்கு மொத வாரம்?

புவனேஸ்வரன்: தண்டவாளத்துல ஒரு இணைப்பு சரியில்ல.

ரமணி: அதுக்கும் மொத வாரம் ஒங்க ரயில் கூட்டாளி காஜா பாய் வந்து ஒக்காந்துட்டாரு.

புவனேஸ்வரன்: அவரு வந்தா எழுந்திரிக்க மாட்டாரு... நான் என்ன பண்றது.

ரமணி: நாளைக்குக் காலைல நான் ரயிலேறணும். ஞாபகம் இருக்குல்ல? சிரம்பான்ல மக காத்துக்கிட்டிருப்பா. இந்த பொம்ம ரயில் இல்லாம போனேன்னா பேரன் என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டான்.

புவனேஸ்வரன்: பொம்மன்னு சொல்லாதீங்க.

ரமணி: சரி, இஞ்சின். ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்.

புவனேஸ்வரன்: இருக்கு.

ரமணி: இந்தத் தடவ லீவுக்குப் போயிட்டு வர்ற மாதிரி இல்ல. அங்கயேதான். ஒம்பதாவது மாடி வீட்டப் பூட்டுனா பூட்டுனதுதான்.

புவனேஸ்வரன்: அதான் சொல்றேனே, ஞாபகம் இருக்குன்னு... தே ஓ ஆறுது. பாலில்லாத டீ, ஆறுனா கசக்கும். குடிங்க.

ரமணி: சீனி?

புவனேஸ்வரன்: கொஞ்சமா. ஒங்களுக்கு எப்பவும் போடுற மாதிரி.

ரமணி: ம்... நல்லாருக்கு.

புவனேஸ்வரன்: வெளக்க அணைக்கவா?

ரமணி: எதுக்கு?

புவனேஸ்வரன்: வெளிய மழ இருட்டு. வெளக்கில்லாம பாத்தா இன்னும் நல்லாருக்கும்... இந்தா. இப்ப பாருங்க.

ரமணி: அடுப்பு எரியுதா அதுக்குள்ள?

புவனேஸ்வரன்: சின்ன செவப்பு பல்பு. மினுக்கு மினுக்குன்னு எரியும். நெஜ அடுப்பு மாதிரியே.

ரமணி: ஜன்னல் கண்ணாடியிலயும் ஓடுது பாருங்க. அக்கரையில பிறை ஊரு வெளக்கு, நடுவுல கடலு, அதுக்கு மேல ஒங்க இஞ்சின் போயிக்கிட்டிருக்கு.

புவனேஸ்வரன்: ஒங்க இஞ்சின்.

ரமணி: ஆமா... என் இஞ்சின்.

புவனேஸ்வரன்: அந்த வெளக்குக்குப் பின்னாலதான் ரயில்வே குவாட்டர்ஸ் இருந்துச்சு. நான் அங்கதான் பொறந்தேன். அப்பா பயர்மேன்.

ரமணி: நெருப்புப் போடுறவரா?

புவனேஸ்வரன்: நெருப்பு, தண்ணி எல்லாம் அவர் பொறுப்பு. ஓட்டுறது டிரைவர். எங்க வீட்டுக்குப் பின்னால வர்றப்ப டிரைவர் சின்னதா ஒரு ஊதல் ஊதுவாரு... அது எங்கம்மாவுக்கு. ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாருன்னு அர்த்தம். அம்மா உடனே அடுப்புல ரசத்த வப்பாங்க.

ரமணி: ஊதலுக்கு ரசமா?

புவனேஸ்வரன்: ஷெட்டுல இஞ்சின விட்டுட்டு, குளிச்சு, அப்பா வந்து ஒக்கார்றதுக்கும் ரசம் கொதிக்கிறதுக்கும் சரியா இருக்கும். நான் அந்த ஊதலக் கேட்டுட்டுத்தான் தூங்குவேன். கேக்கலன்னா முழிச்சிட்டே கெடப்பேன்.

ரமணி: நான் இந்தத் தீவுக்காரி. இங்க எங்களுக்கு ஏது ரயிலு.

புவனேஸ்வரன்: ஸ்டேஷன் இருந்துச்சே.

ரமணி: இருந்துச்சு, மணிக்கூண்டு வச்ச கட்டடம். டிக்கெட்டு விப்பாங்க, தண்டவாளம் இருக்காது. அப்பா டிக்கெட்ட வாங்கி என் கையில குடுத்தாரு. ரயிலு எங்கப்பான்னு கேட்டேன். வா, மொத பெட்டியில ஏறுவோம்னு அக்கரைக்குப் போற ஃபெரி படகுல ஏத்திட்டாரு.

புவனேஸ்வரன்: நம்பிட்டீங்களா?

ரமணி: பின்ன? ரொம்ப வருஷம் ஃபெரிதான் ரயிலோட மொத பெட்டின்னு நெனச்சிட்டிருந்தேன். கல்யாணமாகி அவரோட போறப்பகூட, ஃபெரியில கால வச்சதும் ரயிலேறியாச்சுன்னு சொல்லிட்டேன். அவரு பாவம், கீழ குனிஞ்சு தண்டவாளத்தத் தேடுனாரு.

புவனேஸ்வரன்: அவரு இருந்திருந்தா இதப் பாக்க வந்திருப்பாரு.

ரமணி: வந்து தூங்கியிருப்பாரு. ரயில்னாலே அவருக்குத் தூக்கம். தைப்பிங் ஸ்டேஷன் வர்றதுக்குள்ள என் தோள் மரத்துப் போயிரும்... நல்ல மனுசன்.

புவனேஸ்வரன்: ம்.

ரமணி: என்ன நின்னுருச்சு?

புவனேஸ்வரன்: பின்னால போடுறேன். இருங்க... இந்தா, கெளம்பிருச்சு.

ரமணி: பின்னால போறப்ப சத்தம் வேற மாதிரி இருக்கு.

புவனேஸ்வரன்: கேட்டுட்டீங்களா? காஜா பாய்க்கே அது கேக்காது.

ரமணி: மூச்சு விடுற மாதிரி... அலமாரி நெறய வச்சிருக்கீங்களே, ஒண்ணாவது நீங்களா கட்டுனதா?

புவனேஸ்வரன்: எல்லாமே ரெடி டு ரன். பெட்டியப் பிரிச்சு தண்டவாளத்துல வச்சா ஓடும். காஜா பாய்தான் துண்டு துண்டா வாங்கி, ஒவ்வொரு திருகாணியா முறுக்கிக் கட்டுவாரு. என்னைய ரெடிமேட் ஆளுன்னு கிண்டல் பண்ணுவாரு.

ரமணி: கட்டத் தெரியாதா, பயமா?

புவனேஸ்வரன்: பயம்தான். நான் தொட்டு, பாதியில கெட்டுப் போச்சுன்னா?

ரமணி: அதான் கல்யாணமும் கட்டலயாக்கும்.

புவனேஸ்வரன்: அம்மாவப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்பறம் திரும்பிப் பாத்தா நேரம் போயிருச்சு.

ரமணி: போன நேரத்த யாரு கேட்டா.

புவனேஸ்வரன்: சாமானெல்லாம் கட்டியாச்சா?

ரமணி: கட்டிக்கிட்டிருக்கேன்.

புவனேஸ்வரன்: ஜெலுத்தோங் பாசார் கடையில காலி அட்டப்பெட்டி கெடைக்கும். வாங்கிட்டு வரவா?

ரமணி: வேணாம், போதும்.

புவனேஸ்வரன்: கீழ எறக்குறதுக்கு நான் வேணும்னா...

ரமணி: வேணாம்ங்குறேன்ல. லாரிக்காரங்க பாத்துக்குவாங்க.

புவனேஸ்வரன்: சரி... ஒண்ணு கேக்கவா?

ரமணி: கேளுங்க.

புவனேஸ்வரன்: வந்ததுலருந்து ஒரு தடவகூட அண்ணேன்னு கூப்பிடல.

ரமணி: கூப்பிடலயா?

புவனேஸ்வரன்: போன வாரமும் கூப்பிடல.

ரமணி: இதையெல்லாமா கவனிச்சிட்டிருக்கீங்க?

புவனேஸ்வரன்: கவனிக்கல. காதுல விழல... அதான்.

ரமணி: பிஸ்கட் எடுங்க. நமுத்துப் போயிரும்.

புவனேஸ்வரன்: ம்.

ரமணி: நானும் ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது.

புவனேஸ்வரன்: சொல்லுங்க.

ரமணி: வாங்குன அன்னைக்கு என் இஞ்சின் பெட்டியத் தொறந்து காட்டுனீங்க. டிரைவர் பொம்ம, பயர்மேன் பொம்ம ரெண்டும் ஒரு சின்னப் பையில தனியா கெடந்துச்சு. ரெண்டு பேரும் வெள்ளக்காரங்க.

புவனேஸ்வரன்: கம்பெனிக்காரன் அப்படித்தான் போடுவான்.

ரமணி: இங்க ஓடுற இஞ்சின்ல ரெண்டு பேரும் ஏறி நிக்கிறாங்க. பயர்மேன் நம்ம நெறம். கண்ணாடி போட்டுப் பாத்தேன், மீசகூட இருக்கு. ஒங்கப்பாவா?

புவனேஸ்வரன்: ...ம். நாந்தான் தீட்டுனேன். அது ஒண்ணுதான் நான் கைவச்சது.

ரமணி: அப்ப இது ஒங்களோடது.

புவனேஸ்வரன்: வாங்கி ரொம்ப வருஷம் ஆச்சு. ஒங்களோடதும் இதே மாதிரிதான், இதே பச்ச... அதான் தெரியாதுன்னு நெனச்சேன்.

ரமணி: என்னோடது எங்க?

புவனேஸ்வரன்: டிவிக்குக் கீழ. முன்னாலயும் பின்னாலயும் ஓட்டி, எண்ணெய் விட்டு, தொடச்சு வச்சிருக்கேன்.

ரமணி: எப்ப?

புவனேஸ்வரன்: நீங்க வாங்குன மறுநாளே.

ரமணி: நல்லா பழகிருச்சா?

புவனேஸ்வரன்: கிண்டல் பண்ணாதீங்க... ஒங்களுக்கு எப்ப தெரியும்?

ரமணி: மொத ஞாயித்துக்கெழமையே.

புவனேஸ்வரன்: தெரிஞ்சுமா வாராவாரம் மேல ஏறி வந்தீங்க?

ரமணி: தே ஓ நல்லாருந்துச்சு.

புவனேஸ்வரன்: ரமணி...

ரமணி: அந்த இஞ்சின் விக்கிறேன்னு லிஃப்டு பக்கத்துல நோட்டீஸ் ஒட்டுனீங்களே. வேற யாருமே கேட்டு வரலயா?

புவனேஸ்வரன்: வரல.

ரமணி: இவ்ளோ பெரிய பிளாட்டுல ஒரு ஆளுகூடவா?

புவனேஸ்வரன்: ஒங்க மாடியில மட்டும்தான் ஒட்டுனேன்.

ரமணி: எங்க மாடியிலயும் நாலு வீடு இருக்கே.

புவனேஸ்வரன்: ரெண்டு வீட்டுல சீனவங்க. ஒண்ணுல மலாய்க்காரங்க. நான் தமிழ்லதான எழுதியிருந்தேன்... சிரிக்காதீங்க.

ரமணி: சிரிக்கல. இருட்டுல ஒங்களுக்கு என்ன தெரியுது.

புவனேஸ்வரன்: அவரு போனதுக்கப்பறம் நீங்க லிஃப்டுல தலையக் குனிஞ்சிட்டே நிப்பீங்க. என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு இஞ்சினப் பத்தித்தான் பேசத் தெரியும். அதான்... ஒண்ண விக்கலாம்னு.

ரமணி: இதுக்கு முன்னால எத்தன வித்திருக்கீங்க?

புவனேஸ்வரன்: ஒண்ணுகூட இல்ல... நாளைக்குப் போகாதீங்க, ரமணி. ஞாயித்துக்கெழம வந்து கொஞ்ச நேரம் ஒக்காந்தா போதும்னுதான் மொதல்ல நெனச்சேன். போதல. பேரனுக்கு இஞ்சின நானே சிரம்பானுக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டிட்டு வரேன். மககிட்ட நான் பேசுறேன்... எப்படிப் பேசுறதுன்னு தெரியல, ஆனா பேசுறேன். நீங்க இருந்துருங்க.

ரமணி: மககிட்ட போன வாரமே போன் அடிச்சுச் சொல்லிட்டேன், அம்மா வரலன்னு. ரயில் டிக்கெட்டும் இல்ல, லாரியும் இல்ல. நீங்க கேக்காட்டியும் நான் இங்கதான் இருந்திருப்பேன்... வாயத் தொறந்து ஒரு தடவ கேக்கட்டுமேன்னுதான் சும்மா ஒக்காந்திருந்தேன்.