பச்சை லைட் எரியற வரைக்கும்

ரஹமத்துல்லா: ...எரியலைம்மா தஹ்சீன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. செத்துக் கெடக்குது.

தஹ்சீன்: பெரியத்தா, போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கத்துங்க. நாமக்கல் பட்டறையில என் காதுகிட்டயே ஒருத்தர் தகரம் தட்டறாரு. எந்த லைட்டு?

ரஹமத்துல்லா: கேரவன் கொக்கிகிட்ட இருக்கே, சின்னது. பிக்கப்புல மாட்டி பிளக்கைச் சொருகுனா ர்ர்ர்னு ஒரு சத்தம் வந்து பச்சை எரியணும்னு நீதானே சொன்னே?

தஹ்சீன்: சொன்னேன். பின்னாடி வர்ற கேரவன் ஆட ஆரம்பிச்சா தானாவே பிரேக் போட்டு நிறுத்தற சிஸ்டம் அது. பச்சை எரியாம வண்டியை எடுக்காதீங்க. ஓமலூர் தாண்டறதுக்குள்ள யாராச்சும் தோட்டத்துல போய் குடியேறிருவீங்க.

வஹீதுன்னிசா: கெளம்பற நேரத்துல பேசற பேச்சைப் பாரு!

தஹ்சீன்: அட, பெரியம்மாவும் அங்கதானா? சலாம் பெரியம்மா.

வஹீதுன்னிசா: வ அலைக்கும் சலாம். நான் வேற எங்க போவேன்? ஊட்டைப் பூட்டிச் சாவியைக் கையில வெச்சுட்டு வாசல்ல நிக்கறேன். ஜும்மா தொழுகை முடிஞ்சதும் வாடகைக்காரங்க சாமானோட வந்துருவாங்க. இன்னியிலிருந்து ஒரு வருசத்துக்கு இந்த டப்பாதான் ஊடு.

ரஹமத்துல்லா: டப்பாவா? லாரியை வித்துட்டு ஆசையா கட்டுனது.

வஹீதுன்னிசா: நானும் ஆசையாத்தானுங்க டப்பாங்கறேன்.

தஹ்சீன்: சண்டையை பெங்களூரு போய் வெச்சுக்குங்க. பெரியத்தா, பிரேக் லைட்டு, இண்டிகேட்டர் எல்லாம் எரியுதா?

ரஹமத்துல்லா: அதெல்லாம் கல்யாண ஊடாட்டம் எரியுது.

தஹ்சீன்: அப்ப இந்த சிஸ்டத்துக்குப் போற ஒயர்லதான் கோளாறு. பிக்கப்புல ஃபியூஸைப் பாத்தீங்களா?

ரஹமத்துல்லா: ம்... பாத்தேன்.

தஹ்சீன்: நல்லாருக்கா?

ரஹமத்துல்லா: ...பாத்தேங்கறேனே.

தஹ்சீன்: பாத்தது சரி. நல்லாருக்கான்னு கேட்டேன்.

ரஹமத்துல்லா: நல்லாருக்கும்.

தஹ்சீன்: இருக்கா... இருக்குமா?

வஹீதுன்னிசா: ஏம்மா அவரைப் போட்டு நோண்டறே? வெயில்ல நிக்கறாரு. ஏனுங்க, சரியாகலைன்னா உட்டுருங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

ரஹமத்துல்லா: அடுத்த வாரமா? நீ நேத்தே துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டே. ஊறுகாய் பாட்டிலுக்குக்கூட சாக்குல மெத்தை தெச்சுருக்கே.

வஹீதுன்னிசா: தெச்சா என்னங்க? ஊட்லயே சாப்ட்டாப் போச்சு.

ரஹமத்துல்லா: மூஞ்சி தொங்கிப் போச்சு பாரு.

வஹீதுன்னிசா: எனக்கென்னங்க தொங்கப் போவுது... வயசானா மூஞ்சி அப்படித்தான் இருக்கும்.

தஹ்சீன்: பெரியத்தா? லைன்ல இருக்கீங்களா?

ரஹமத்துல்லா: இரும்மா. அந்த ஃபியூஸை இன்னொருக்கா பாக்கறேன்.

தஹ்சீன்: பாருங்க. அவசரமில்லை.

ரஹமத்துல்லா: ...அடடே! இங்க பாரு, எடமே காலியா இருக்குது. ஃபியூஸ் கீழ கால்மிதிக்கடியில உழுந்து கெடக்குது.

தஹ்சீன்: ஃபியூஸு எரிஞ்சு போவும் பெரியத்தா. எறங்கி நடந்து போவாது.

ரஹமத்துல்லா: குலுங்கியிருக்கும்மா. நம்ம ராசிபுரம் ரோட்டுல பல்லே கழண்டு உழுவுது.

வஹீதுன்னிசா: வண்டி இன்னும் வாசலையே தாண்டலைங்களே?

ரஹமத்துல்லா: உள்ள கம்பி நல்லாத்தான் இருக்கு. மாட்டிட்டேன். வஹீதா, போய் லைட்டைப் பாரு. உனக்காகத்தான் எரியப் போவுது.

வஹீதுன்னிசா: பாத்துட்டேன். எரியலைங்க.

ரஹமத்துல்லா: எரியலையா?

வஹீதுன்னிசா: இல்லைங்க.

ரஹமத்துல்லா: எப்படி எரியாமப் போவும்? எரிஞ்சே ஆவணுமே!

தஹ்சீன்: எரிஞ்சே ஆவணும்னு அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?

ரஹமத்துல்லா: அது... அனுபவம்மா. லாரிக்காரன் அனுபவம். இது நெசமாலுமே கோளாறாட்டம் இருக்கே...

தஹ்சீன்: அப்ப இந்நேரம் வரைக்கும் இருந்தது என்ன மாதிரிக் கோளாறு?

ரஹமத்துல்லா: அடுத்து என்ன பண்ணட்டும், அதைச் சொல்லு.

தஹ்சீன்: டெஸ்ட் லாம்ப் எடுங்க. கிளிப்பை வண்டி சேஸில மாட்டுங்க. ஊசி முனையைக் கொக்கிகிட்ட வர்ற சிவப்பு ஒயர்ல வைங்க.

ரஹமத்துல்லா: எரியுது! லாம்ப் நல்லாவே எரியுது.

தஹ்சீன்: அப்ப கரண்ட் வருது. திரும்பிப் போவத்தான் வழியில்லை. எர்த் எங்கயோ உட்டுப் போயிருக்கு. இந்த சிஸ்டத்துக்கு எர்த் தனி. அதான் மத்த லைட்டெல்லாம் எரியுது.

ரஹமத்துல்லா: எங்கன்னு தேடறது? ஆக்ஸில்கிட்டயா? நான் அடியில பூந்து பாக்கறேன்.

வஹீதுன்னிசா: வேண்டாங்க! இடுப்பு புடிச்சுக்கும். எந்திரிங்க.

ரஹமத்துல்லா: இருக்கட்டும் உடு.

வஹீதுன்னிசா: சட்டையெல்லாம் மண்ணு... காலையிலதான் இஸ்திரி போட்டுக் குடுத்தேன்.

ரஹமத்துல்லா: வஹீதா... நான் லாரியில போன காலத்துல நாக்பூர்லருந்து, குவாஹாத்தியிலருந்து போன் பண்ணுவேன் பாரு. ஒவ்வொரு தடவையும் என்ன கேப்பே? 'என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்க'ன்னு.

வஹீதுன்னிசா: கேப்பேன்...

ரஹமத்துல்லா: பாக்கலாம் பாக்கலாம்னே ஓட்டிட்டேன். அதுக்காகத்தான் இந்த வண்டி. இன்னிக்கும் பாக்கலாம்னு சொல்ல வாய் வருமா எனக்கு? படுத்தாவது கண்டுபுடிக்கறேன்.

தஹ்சீன்: பெரியம்மா? நீங்களாச்சும் லைன்ல இருக்கீங்களா?

வஹீதுன்னிசா: ஏனுங்க. அடியில போவாதீங்க. உள்ள கட்டிலுக்குக் கீழ கறுப்பா ஒரு பொட்டி இருக்குதில்ல... அதைத் தொறந்து பாருங்க.

ரஹமத்துல்லா: ஒயர் சேர்ற பொட்டியா? அது இருக்கறது உனக்கெப்படித் தெரியும்?

வஹீதுன்னிசா: பாத்திரம் அடுக்கும்போது பாத்தேன்.

ரஹமத்துல்லா: பாத்திரம் மேல் அலமாரியிலல்ல இருக்குது?

வஹீதுன்னிசா: ஒரு கரண்டி கீழ உழுந்துதுங்க. தொறங்க மொதல்ல.

ரஹமத்துல்லா: தொறந்துட்டேன்... இந்தா! ஒரு வெள்ளை ஒயரு கழண்டு நிக்குது.

தஹ்சீன்: அதான் எர்த். சும்மா கழண்டிருக்கா?

ரஹமத்துல்லா: சும்மா இல்லைம்மா. முனையில பிளாஸ்திரி சுத்தியிருக்குது. காயத்துக்குப் போடறது. ஓரமெல்லாம் கத்தரியில அழகா வெட்டி...

தஹ்சீன்: ஒயரு கழலும். கழண்டதுக்கப்புறம் மருந்து போட்டுக்காது.

வஹீதுன்னிசா: தனியாக் கெடந்தா எதுலயாச்சும் பட்டுத் தொலையும்னுதான்... யாராச்சும் சுத்தியிருப்பாங்க.

ரஹமத்துல்லா: யாராச்சும்.

வஹீதுன்னிசா: ஆமாங்க. யாராச்சும்.

தஹ்சீன்: பிரிச்சுட்டு மாட்டுங்க. ஸ்க்ரூவை நல்லா முறுக்குங்க.

ரஹமத்துல்லா: மாட்டிட்டேன். கேட்டியா... ர்ர்ர்ங்குது.

தஹ்சீன்: லைட்டு?

வஹீதுன்னிசா: பச்சை.

தஹ்சீன்: அல்ஹம்துலில்லாஹ்!

ரஹமத்துல்லா: ம்.

வஹீதுன்னிசா: ம்.

ரஹமத்துல்லா: கெளம்பலாமா?

வஹீதுன்னிசா: கெளம்பலாமுங்க.

ரஹமத்துல்லா: சரி.

வஹீதுன்னிசா: சரிங்க.

தஹ்சீன்: ரெண்டு பேரும் மவுத் உழுந்த ஊட்ல துக்கம் கேக்கறாப்புல பேசறீங்க. பச்சைதானே எரியுது?

ரஹமத்துல்லா: வஹீதா, அந்த பிளாஸ்திரி நம்ம ஊட்டு டப்பாவுல இருந்ததுதானே?

வஹீதுன்னிசா: அந்த ஃபியூஸு உங்க சட்டைப் பையில இருந்ததுதானே? எடுக்கறப்ப பாத்தேன். சொல்லுங்க.

ரஹமத்துல்லா: நீ சொல்லு மொதல்ல.

வஹீதுன்னிசா: என்னத்தைச் சொல்ல... கூட்டிட்டுப் போங்கன்னா, கூட்டிட்டுப் போகச் சொல்றாளாக்கும்னு நெனைப்பாங்களா? நீங்க சீக்கிரம் ஊடு வந்து சேரணும்னு சொன்னது அது. 'வாங்க'ன்னு நேராச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்க அம்மா பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க.

ரஹமத்துல்லா: யா அல்லா... இத்தனை வருசமா அதை மனசுல வெச்சுட்டு நான்...

வஹீதுன்னிசா: நீங்க ஏன் புடுங்குனீங்க? உங்களுக்குத்தான் ரோடுன்னா உசுராச்சே?

ரஹமத்துல்லா: ரோட்டுல நான் என்னத்தைப் பாத்தேன்? முன்னாடி போற லாரியோட முதுகு. தாஜ்மகால்கிட்டயே டயர் மாத்தியிருக்கேன், திரும்பிப் பாக்கலை. லோடு எறக்கிட்டு எப்படா நம்ம கட்டில்ல படுப்போம்னுதான் இருக்கும். இப்பத்தான் படுத்தேன்... அதுக்குள்ள கட்டிலுக்கே சக்கரம் மாட்டிட்டேன்.

வஹீதுன்னிசா: சொல்லியிருக்கலாமில்லைங்க?

ரஹமத்துல்லா: ஊறுகாய்க்கு மெத்தை தெக்கறவகிட்ட எப்படிச் சொல்ல?

வஹீதுன்னிசா: நீங்க சந்தோசமா ஆணி அடிச்சுட்டு இருந்தீங்கன்னுதான் நான் மெத்தையே தெச்சேன்.

தஹ்சீன்: நான் வேணா போனை வெச்சுரட்டுமா?

ரஹமத்துல்லா: வெக்காதே. வஹீதா, வாடகைக்காரங்களுக்கு என்ன சொல்றது?

வஹீதுன்னிசா: மாடியில போட்ட நம்ம சாமானை எறக்கிட்டு, மாடியைக் குடுத்துருவோம். நாம கீழயே இருந்துக்கலாம். அவங்களும் ரெண்டே பேருதான்.

ரஹமத்துல்லா: அதுஞ்சரி... ஆமா, எர்த் ஒயரு வெள்ளைன்னு உனக்கு யாரு சொன்னது?

வஹீதுன்னிசா: உங்களுக்கு மட்டும்? எந்த ஃபியூஸைப் புடுங்குனா இது மட்டும் அணையும்னு புது வண்டியில எப்படித் தெரிஞ்சுது?

ரஹமத்துல்லா: தஹ்சீன்.

தஹ்சீன்: சொல்லுங்க பெரியத்தா.

வஹீதுன்னிசா: இவருக்குச் சொல்லிக் குடுத்ததும் நீதானா?

தஹ்சீன்: திங்கக்கெழமை காலையில பெரியத்தா. சாயங்காலம் நீங்க. ரெண்டு பேருமே, மத்தவங்ககிட்ட மூச்சு உடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டீங்க.

ரஹமத்துல்லா: சரி, எனக்குச் சொன்ன ஃபியூஸையே இவளுக்கும் சொல்லித் தொலைச்சிருக்கலாமே! எதுக்கு ஆளுக்கொண்ணு?

தஹ்சீன்: ஒண்ணே ஒண்ணுன்னா, ஒருத்தர் மூஞ்சியைப் பாத்து இன்னொருத்தருக்கு மனசு எளகுச்சுன்னா வண்டி கெளம்பிரும். அதுக்குத்தான் ரெண்டு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எளகுவீங்கன்னு நான் எங்க கண்டேன்?